நிற்றலின் அரசியல்: வலி குறித்துச் சில குறிப்புகள்

வலி மொழியை அழித்துவிடுகிறது என்கிறார் எலெய்ன் ஸ்கேரி. சித்திரவதையையும் போரையும் முன்வைத்து 1985இல் அவர் எழுதிய நூலின் மைய வாதங்களில் ஒன்று இது. உடல் பற்றி நம் சூழலில் பேசுகிறவர்கள் இதை ஒரு சூத்திரம் போலவே ஆக்கிவிட்டோம். ஆனால் பாத எரிச்சலோடு பல வருஷங்களாக வாழ்கிற ஒருவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் இந்தச் சூத்திரம் ஆட்டம் காணத் தொடங்கும். காந்துது, குடையுது, கடுக்குது, விண்ணுவிண்ணுனு தெறிக்குது, மதமதன்னு இருக்கு, எறும்பு ஊருது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு, செருப்பு கழண்டதே தெரியல. இவற்றில் எந்தச் சொல்லும் இன்னொன்றுக்கு மாற்று இல்லை. காந்தல் வேறு, கடுப்பு வேறு. மரத்துப்போதல் இரண்டுக்கும் எதிர்த்திசையில் இருப்பது. வலிக்கு மொழி இல்லை என்பதைவிட அந்த மொழியைக் கேட்கும் செவி எங்கே இருக்கிறது என்று கேட்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்ற தண்டுவடக் குழாய்ச் சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நடுவில் ஒரு குழாய் உருவாகிறது. தண்டுவடம் பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு எலும்புகளின் உயரத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. மருத்துவம் அதற்குக் 'குதிரைவால்' என்று பெயர் வைத்திருக்கிறது. வயதாக ஆக இடைத்தட்டு பிதுங்குகிறது, மூட்டுகள் தடிக்கின்றன, பின்புறத்து நார் உப்புகிறது. சிலருக்குப் பிறவியிலேயே குழாய் குறுகல். அவர்களுக்கு முப்பதுகளிலேயே தொல்லை தொடங்கிவிடக்கூடும். நெருக்கடி இடுப்பில், எரிச்சலோ பாதத்தில். பாதத்தில் காயமோ வீக்கமோ எதுவுமில்லை. பார்க்கிறவர் நம்பாமல்போவதற்கு இதுவே முதல் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. நிமிர்ந்தால் குழாய் மேலும் சுருங்கும். குனிந்தால், உட்கார்ந்தால் சற்றே விரியும். எனவே நிற்கும்போதும் நடக்கும்போதும் கால் எரிகிறது, உட்கார்ந்த சில நிமிஷங்களில் அடங்குகிறது. டச்சு நரம்பறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954இல் எழுதிய கட்டுரைதான் இதைத் தெளிவாக அடையாளம் காட்டியது. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் கால்வலி வேறு. அதில் நடையை நிறுத்தி நின்றாலே வலி குறையும். இங்கோ நிற்பதே வலி. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்தபடி நடந்தால் வலிப்பதில்லை என்பதை ஒரு அடையாளமாகவே மேலைநாட்டுப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் ஊரில் அந்த வண்டிக்கு எங்கே போவது? சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவரைக் கவனித்தால் போதும். ஒரு தெருவை நடந்து கடக்க முடியாதவர் மூன்று மைல் சைக்கிள் மிதித்துவிடுவார்.

என் பெரியம்மா நடவு வேலை செய்தவர். "வயல்ல குனிஞ்சு நிக்கிறப்ப கால்ல ஒண்ணும் இல்ல, கரையேறி நிமிந்தாத்தான் பாதம் காந்துது" என்பார். வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவருக்கு இது சுத்த நடிப்பாகத் தெரிந்தது. குனிஞ்சு நடத் தெரிஞ்சவளுக்கு வரப்புல நடக்கத் தெரியாதா என்பது அவர் தர்க்கம். உழைக்கும்போது மறைந்து, வீடு திரும்பும்போது வருகிற வலியை யார் நம்புவார்கள்? நாள் முழுக்கக் குனிவது முதுகுக்கு நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் சேதம் தனிக் கணக்கு.

அவரை அழைத்துப்போன ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி: "வலி பத்துக்கு எத்தனை?" பெரியம்மா திருப்பிக் கேட்டார்: "நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?" நோயைக் கண்டறியத் தேவையான தகவலே அந்தக் கேள்விக்குள் இருந்தது. சீட்டில் ஆறு என்று எழுதப்பட்டது.

எண் எல்லா இடத்திலும் பயனற்றது என்பதல்ல என் வாதம். அறுவைக்குப் பிந்தைய வலியைத் தினமும் ஒப்பிட அது உதவும். ஆனால் நரம்பு வலியில் 'எவ்வளவு' என்பதைவிட 'எப்படி', 'எப்போது' என்பவையே முக்கியம். 1975இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட கேள்வித்தாளில் வலிக்கான 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருந்தன. நோயாளியின் சொல்லை அறிவாகக் கருதிய அந்த முயற்சியிலிருந்து பூஜ்யம் முதல் பத்துவரையான கோட்டுக்கு நாம் வந்து சேர்ந்திருப்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லின் இடத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே வந்திராத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குக் குழாய்ச் சுருக்கம் இருந்தது. படத்தில் சுருக்கம், உடம்பில் வலி இல்லை. ஆகவே படம் தானாகப் பேசுவதில்லை. நோயாளியின் பேச்சோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அது அர்த்தம் பெறுகிறது. சர்க்கரை நோய் மலிந்த நம் ஊரில் இது இன்னும் சிக்கல். சர்க்கரையால் கெட்ட நரம்பும் பாதத்தில்தான் எரியும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் காலுறை போட்டதுபோலப் பரவி ராத்திரியில் அதிகமாகும், உட்கார்ந்தால் தீராது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காபாபென்டின் வலிப்பு நோய்க்காக வந்தது, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக. இரண்டும் குறுகிய குழாயை விரிப்பதில்லை. நரம்பின் சமிக்ஞையைத் தணிக்க முயல்கின்றன. பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும், தூக்கக் கலக்கம் வரும். இதை விளக்காமல் கொடுக்கும்போது, மருந்துக் கடையில் விசாரித்துவிட்டு "எனக்குப் பைத்தியம்னு நெனச்சிட்டாங்க" என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எலும்பின் பின்வளைவை நீக்கி இடம் உண்டாக்கும் அறுவையால் பலருக்கு நடை மேம்படுகிறது. பழைய மரமரப்பு முழுக்கப் போகும் என்ற உத்தரவாதமில்லை. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால், அல்லது வராமல் அடைத்துக்கொண்டால், தொடையிடுக்கில் உணர்ச்சி மங்கினால், கால் திடீரென்று பலமிழந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதில் தத்துவத்துக்கு இடமில்லை.

இனி நிற்பதற்கு வருவோம். நம் சமூகத்தில் நிற்பது வெறும் உடல்நிலை அல்ல. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதைச் சாதி பல நூற்றாண்டுகளாகத் தீர்மானித்து வந்திருக்கிறது. ஜவுளிக்கடை அந்த இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் விற்பனைப் பெண் நின்றாக வேண்டும். உட்காருவது மரியாதைக் குறைவு. நிற்பதால்தான் குழாய் சுருங்குகிறது என்று நான் வாதிடவில்லை. ஏற்கெனவே குறுகிய குழாயுள்ள ஒருத்திக்கு அந்தப் பத்து மணி நேரம் என்னவாக இருக்கும் என்பதே கேள்வி. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பினர் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. ஸ்டூல் போட்டிருக்கிற கடைகளிலும் அதில் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று போய்ப் பார்க்க வேண்டும்.

வயல் வேலைக்கு அந்தப் பிரிவும் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற வரம்பு. அந்தப் பட்டியலில் நாள்பட்ட வலி என்று ஒரு வகை இல்லை. உட்கார்ந்த நிலையில் பரிசோதிக்கும்போது பலருக்குக் கால் சரியாகவே வேலை செய்கிறது. சான்றிதழ் வாங்க வந்தவர் அந்த அறையை விட்டு வெளியேறி, பஸ் ஸ்டாப் வரை நடந்து, அங்கே இருக்கை இல்லாமல் கம்பத்தைப் பிடித்துக் குனிந்து நிற்கும்போதுதான் அவருடைய ஊனம் தொடங்குகிறது.