கரையைத் தள்ளும் ஏரி

அமெரிக்காவின் மின்னசோட்டாவில், மில் லாக்ஸ் ஏரியின் பனிக்கட்டி 2013 மே மாதம் கரையேறி வீடுகளுக்குள் புகுந்தது. அந்தக் காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு படகுத்துறை உண்டே, குளிர்காலத்தில் அதெல்லாம் என்ன ஆகும்?"

காணொளியில் இருப்பது காற்றின் வேலை. வசந்தத்தில் உடைந்து மிதந்த கட்டிகளைப் பலத்த காற்று கரையில் ஏற்றிவிட்டது. அது எப்போதாவது நடப்பது. படகுத்துறையின் கால்களைச் சாய்ப்பதோ, காற்றே வீசாத நாளில் ஏரி முழுக்க உறைந்து கிடக்கும்போதும் நடக்கிறது. என்னை ஈர்ப்பது அதுதான்.

மார்கழி விடியலில் டவுன் பஸ்ஸின் கடைசி நீள இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் குளிருக்குத் தோளை ஒடுக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே கொஞ்சம் இடம் பிறக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் ஏறும் பாட்டி, "தள்ளி உக்காருங்கப்பா" என்று அதில் அமர்ந்துவிடுகிறார். வெயில் ஏறியதும் எல்லாரும் தோளைத் தளர்த்துகிறார்கள். ஓரத்து ஆள் ஜன்னல் கம்பியோடு நசுங்குகிறார். மறுபடி குளிர்காற்று, மறுபடி இடைவெளி. இப்போது பாட்டியின் கூடைக்கும் இடம் கிடைத்துவிட்டது. மறுபடி வெயில். பாட்டியும் இறங்குவதில்லை, கூடையும் இறங்குவதில்லை. இருக்கை மட்டும் அதே நீளம்.

பனிக்கட்டியும் குளிர்ந்தால் சுருங்கும். இரவில் மேற்பரப்பு மைனஸ் 20 டிகிரிக்குப் போகும்போது ஏரி விரிசல் விடுகிறது. அந்த வெடிச் சத்தம் வெகுதூரம் கேட்கும். விரிசலில் கீழிருந்து தண்ணீர் ஏறி உறைகிறது. அதுதான் பாட்டி. பிறகு வெப்பம் கூடும்போது பழைய கட்டி விரிகிறது, ஆனால் அதன் பழைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். பனிப்பலகையின் சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால், 1 கிலோமீட்டர் அகல ஏரியில் விரிவு ஏறக்குறைய அரை மீட்டர். அவ்வளவும் கரையில்தான் இறங்கவேண்டும். குறுக்கே நிற்கும் தூண் சாயும். சரளைக்கல் கரையோரம் வரப்பாகக் குவியும். மேலே வெண்பனி தடிமனாகப் படிந்திருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். வெண்பனி கொட்டாத கடுங்குளிர்தான் கரைக்குக் கெட்டது.

விஸ்கான்சினில் மெண்டோட்டா ஏரிக்கரையின் இத்தகைய வரப்புகளைப் பற்றி பக்லி என்பவர் 1900-லேயே எழுதிவிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

தடுக்க என்ன வழி? கரையில் கம்ப்ரசர் வைத்து, ஏரியடியில் துளையிட்ட குழாயைப் போட்டுக் குமிழி விடுகிறார்கள். குமிழி தன் வெப்பத்தால் பனியை உருக்குவதில்லை. அடியில் தங்கியிருக்கும் 4 டிகிரி வரையிலான நீரை மேலே இழுத்துவருகிறது, அந்த நீர்தான் உருக்குகிறது. அழகான யோசனை. ஆனால் "எந்த ஏரிக்கும் பொருந்தும்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். முழங்காலளவு தண்ணீரின் அடியில் சேமித்த வெப்பமே கிடையாது. அங்கே குமிழி விட்டால் கிட்டத்தட்ட 0 டிகிரி நீர்தான் மேலே வரும். தேவைக்கு மேல் ஓட்டினால் ஏரியின் நடுப்பக்கம்வரை பனி மெலியும். அதன்மேல் நடப்பவர், வண்டி ஓட்டுபவர் உயிருக்கு ஆபத்து. மின்னசோட்டாவின் பொது ஏரிகளில் குமிழி விட அனுமதி வாங்கி, எச்சரிக்கைப் பலகையும் வைக்கவேண்டும் என்பது சரியான விதி.

இவ்வளவு சிரமமே வேண்டாம் என்று அங்கே பலர் சக்கரம் வைத்த படகுத்துறை வாங்குகிறார்கள். ஏரி உறையும் முன் அதைக் கரைக்கு உருட்டிவிடுகிறார்கள், பனி உருகிய பிறகு தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். இதுவரை வந்த வழிகளில் நிச்சயமானது அதுதான்.