பலகையில் 37

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வண்டிப்பாதைத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் ஜெயித்து, சப் கோர்ட்டில் தோற்று, மதுரைக்குப் போய் அங்கேயும் தோற்று, கடைசியில் டெல்லி வரை போயிருக்கிறார். “ரெண்டே நிமிஷத்தில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்படியென்றால் ஹைகோர்ட் சொன்னதுதான் சரி என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னதாகத்தானே அர்த்தம்? எதிர்த்தரப்பு ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறது” என்று கேட்கிறார்.

அப்படி அர்த்தம் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்ல, அந்த ரெண்டு நிமிஷம் அங்கே எப்படிக் கழிகிறது என்று முதலில் காட்ட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது தெரிந்த வக்கீல் ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் பாஸ் கிடைத்தது. 2023-இலிருந்து சுஸ்வாகதம் என்ற இணையதளத்திலேயே பதிவு செய்து வாங்கலாம். மெட்ரோவில் பிரகதி மைதான் என்று இருந்த நிலையத்துக்கே இப்போது சுப்ரீம் கோர்ட் என்றுதான் பெயர்.

சின்ன வயதில் அப்பாவோடு முன்சீப் கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன். புளியமரத்தடியில் காத்திருப்போம். டவாலி வெளியே வந்து பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாட்டுக்குள் ஓடிப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நாங்கள் அறிந்த சட்டம். டெல்லியிலும் அந்தக் கூப்பாடு கேட்கும் என்று காது தீட்டிக்கொண்டு போனேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தாழ்வாரமெங்கும் மின்பலகைகள். ஒவ்வொரு கோர்ட் எண்ணுக்கும் எதிரே இன்னொரு எண். ஆறாம் கோர்ட்டுக்கு எதிரே 12 என்று இருந்தால், அன்றைய பட்டியலில் பன்னிரண்டாவது வழக்கு அங்கே நடக்கிறது. சிவில், கிரிமினல், வரி, வாடகை, தாம்பத்தியம் எல்லாமே வாசலைத் தாண்டியதும் ‘ஐட்டம்’ ஆகிவிடுகின்றன.

எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்துப்போனது குவிமாடமோ தூணோ இல்லை, இந்தப் பலகைதான். ஒரே வக்கீலுக்கு மூன்றாம் கோர்ட்டில் 18, ஒன்பதாம் கோர்ட்டில் 21 என்று இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்க நெருங்க அவர் நடை ஓட்டமாகும். கறுப்பு அங்கி பின்னால் பறக்க, ஜூனியர் ஒருவர் கேஸ் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி துரத்துவார். வர முடியாவிட்டால் அந்த ஜூனியர் எழுந்து ‘பாஸ்ஓவர்’ கேட்பார். ‘இதைக் கொஞ்சம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை. வாய்தாவுக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். வாய்தா வாரக்கணக்கில் தள்ளும், பாஸ்ஓவர் அன்றைக்குள்ளேயே முடிந்துவிடும்.

உள்ளே போனால் கல்யாணப் பந்தி. வாதாடுகிறவருக்குப் பின்னால் அடுத்த ஐட்டத்துக்காரர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் அதற்கடுத்தவர். பாயசம் வந்துவிட்டதா, மோருக்குப் போய்விட்டாரா என்று முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்போமே, அதே நிற்பு. முன்னவர் நகர்ந்த நொடியில் பின்னவர் மைக்கைப் பிடிக்கிறார். ‘மைலார்ட்’ என்று சொல்லத் தேவையில்லை என்று பார் கவுன்சில் 2006-இலேயே விதி செய்தது. அன்று நான் கேட்ட மைலார்டுகளை எண்ண முயன்று மதியத்துக்குள் விட்டுவிட்டேன்.

திங்களும் வெள்ளியும் அங்கே வழக்கமாகப் புது மனுக்களின் நாட்கள். ஒரு பெஞ்சில் பெரும்பாலும் இரண்டு நீதிபதிகள், அவர்கள் முன்னால் ஐம்பது அறுபது மனுக்கள். காலை பத்தரைக்கு ஆரம்பித்து, மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை விட்டு, நாலு மணிக்கு முடித்தால் மொத்தம் 270 நிமிஷம். அறுபது மனு என்றால் ஆளுக்கு நாலரை நிமிஷம். சிலது இருபது நிமிஷத்தை விழுங்கிவிடும், அந்தக் கடனை மற்றவை ஒன்றரை நிமிஷத்தில் அடைக்கும்.

முதலில் எனக்கும் இது அநியாயமாகத்தான் பட்டது. உற்றுக் கேட்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. மனுக்களை நீதிபதிகள் முன்கூட்டியே படித்துவிட்டு வருகிறார்கள். வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே, “இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி சொல்லிவிட்டதே, நாங்கள் ஏன் தலையிட வேண்டும்?” என்று கேள்வி வருகிறது. அந்த இடத்தில் வக்கீலுக்கு ஒரு வாக்கியம்தான் வாய்க்கிறது. அனுபவஸ்தர்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு வருகிறார்கள். ‘ஒரே ஒரு தேதி மைலார்ட்ஸ், 42-ஆம் பக்கம்.’ நீதிபதி பக்கத்தைப் புரட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘நோட்டீஸ்’ என்று சொல்லிவிட்டால் மனுதாரருக்கு அன்றைக்கு அதுவே தீபாவளி: எதிர்த்தரப்பையும் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்கள். காற்று எதிராக வீசுகிறது என்று தெரிந்தவர்கள், தள்ளுபடி என்ற சொல் விழுவதற்கு அரை நொடி முன்பே, ‘மனுவைத் திரும்பப் பெற அனுமதி வேண்டும்’ என்று முந்திக்கொள்கிறார்கள். இந்த அரை நொடிக் கணக்கை எந்தச் சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்களோ.

ஐட்டம் 37 ஓர் ஓய்வூதிய வழக்கு. வக்கீல் இளைஞர். சம்பவம் நடந்த வருஷத்திலிருந்து கதையை ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் நீதிபதிகள் ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். ‘தள்ளுபடி.’ இளைஞர் குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார். அவர் விலகுவதற்குள் வெளியே பலகை 38 ஆகியிருந்தது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் போடுகிற இந்த மனு உண்மையில் அப்பீலே இல்லை, அப்பீல் செய்ய அனுமதி கேட்கும் மனு. உத்தரவுகளில் ‘லீவ் கிராண்டட்’ என்று வருமே, அந்த லீவ் அனுமதியைத்தான் குறிக்கிறது. அனுமதி கிடைத்த பிறகுதான் மனு அப்பீலாகப் பிறவி எடுக்கிறது.

என் தாத்தா எங்கள் ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர். சில வழக்குகளைத் திண்ணைக்கு வந்த உடனே, “இதை நான் எடுக்கலைப்பா” என்று அனுப்பிவிடுவார். மறுநாள் இரண்டு தரப்பில் ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து, “பெரியவரே நம்ம பக்கம்தான்” என்பான். தாத்தாவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். “நான் கேட்கவே இல்லையேடா, அப்புறம் எங்கே சொன்னேன்?” என்பார்.

சுப்ரீம் கோர்ட்டும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் தனியார் காடு ஒன்றைப் பற்றிய வழக்கு. ஹைகோர்ட்டில் தோற்ற மாநில அரசு டெல்லிக்குப் போனது, அங்கே மனு தள்ளுபடியானது. அரசு திரும்பவும் ஹைகோர்ட்டுக்கே வந்து, ‘உங்கள் தீர்ப்பை நீங்களே மறுஆய்வு செய்யுங்கள்’ என்றது. மேலே தள்ளுபடியான பிறகு இது எப்படிச் செல்லும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. குஞ்ஞயம்மது வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் அந்த விவகாரத்தில், 2000-இல் மூன்று நீதிபதிகள் விளக்கமாகத் தீர்ப்பு எழுதினார்கள். அனுமதி கொடுத்து, அப்பீலை விசாரித்து முடித்தால் கீழ்த்தீர்ப்பு மேல்தீர்ப்புக்குள் கரைந்துவிடும். அதன் பிறகு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்றுதான் உண்டு. வாசலிலேயே, காரணம் எதுவும் எழுதாமல் தள்ளுபடி செய்தால் எதுவும் கரைவதில்லை. ஹைகோர்ட் தீர்ப்பு ஹைகோர்ட் தீர்ப்பாகவே நிற்கும். அது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. 2019-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலும் இதையே உறுதிப்படுத்தினார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் மறுப்புக்கு இதே பொருள்தான். ஆனால் அங்கே இப்படிச் சலித்தெடுக்கும் வேலை மூடிய அறைக்குள் நடக்கும். ஒன்பது பேரில் நால்வர் ‘எடுக்கலாம்’ என்றால்தான் வழக்கு மேடைக்கு வரும். மற்றவை வெறும் பட்டியலாக வெளியாகும். நம் நாட்டில் ஒன்றரை நிமிஷமே ஆனாலும் திறந்த கோர்ட்டில், வக்கீலை நிறுத்தி, காது கொடுத்துவிட்டு மறுக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. அம்மா முறத்தில் அரிசி புடைப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். பதர் விழுவதைக் கண்ணால் பார்த்தால் ஒரு திருப்தி.

அரசியல் சாசன பெஞ்சுகள் வேறு உலகம். கேசவானந்த பாரதி வழக்கை 13 நீதிபதிகள் 1972-73-இல் 68 நாள் கேட்டார்கள். 2019-இல் அயோத்தி வழக்கு 40 நாள் நடந்தது. அதில் வாதாடிய ஸ்ரீரங்கத்துக்காரர் பராசரனுக்கு அப்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. உட்கார்ந்தே பேசலாம் என்று தலைமை நீதிபதி சொன்னபோது, நின்று பேசுவதுதான் வக்கீல்களின் மரபு என்று மறுத்துவிட்டார். 2022 செப்டம்பரிலிருந்து இத்தகைய விசாரணைகளை வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். பெரிய வாதம் கேட்க ஆசையுள்ளவர்கள் அதைப் பார்க்கட்டும். நான் மறுபடி போனால் திங்கட்கிழமைதான் போவேன்.

என் வருத்தம் பத்திரிகைகள் மேல். காரணமில்லாத ஒருவரித் தள்ளுபடிக்கு ‘ஹைகோர்ட் தீர்ப்பை உறுதி செய்தது சுப்ரீம் கோர்ட்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். என் உறவுக்காரர் ஒருவரின் வழக்கில் எதிராளி அப்படியொரு துணுக்கை நகலெடுத்து ஊர்ப் பேருந்து நிழற்குடையில் ஒட்டிவைத்தார். பஞ்சாயத்து அலுவலகத்திலும் அதைக் காட்டினாராம். அங்கிருந்தவர்கள் உத்தரவையே கேட்டு வாங்கிப் படித்திருந்தால் விஷயம் அப்போதே முடிந்திருக்கும். இன்னொரு வருத்தம் தூரம். சுப்ரீம் கோர்ட் டெல்லிக்கு வெளியிலும் அமரலாம் என்று 130-ஆவது பிரிவு இடம் தருகிறது. தெற்கு உட்பட நான்கு திசைகளிலும் பெஞ்ச் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009-இல் தன் 229-ஆவது அறிக்கையில் எழுதியது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. காணொளி விசாரணை வந்ததில் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து போய், தன் வழக்கு நடந்து முடிந்ததே தெரியாமல் தாழ்வாரத்தில் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்று நான் பார்த்த ஒரு பெரியவர் 37-க்காகத்தான் வந்திருந்தார். பலகையில் 41 ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி மடிப்பில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார், அதில் 37 என்று பேனாவால் இரண்டு முறை எழுதியிருந்தது.

திண்டுக்கல் வாசகருக்கு: ஹைகோர்ட் தீர்ப்பு உங்களை இப்போதும் கட்டுப்படுத்தும், பாதை விஷயத்தில் அதில் மாற்றமில்லை. டைரி நம்பரைப் போட்டால் உங்கள் உத்தரவு சுப்ரீம் கோர்ட் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். தள்ளுபடிக்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால், அதில் சொன்ன சட்டக் கருத்து எல்லாக் கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். எழுதவில்லை என்றால், ஹைகோர்ட்டில் மறுஆய்வு கேட்க வழி இருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் உடனே கேளுங்கள். அதற்கான காரணங்களும் குறைவு, கெடுவும் முப்பது நாள்தான். எதிர்த்தரப்பு இனி டீக்கடையில் பேச்செடுத்தால் அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, ஹைகோர்ட் சொன்னது சரி என்று எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.