நாம் கேட்பதை யார் கணக்கெடுக்கிறார்கள்?

சங்கரன்கோவிலிலிருந்து பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஒருவர், அம்பேத்கரியம் குறித்த பாட்காஸ்ட் ஒன்றைக் கேட்கிறார் எனக் கொள்வோம். அதையே வானொலியில் கேட்டிருந்தால், கேட்டவர் யாரென அறிய நிலையத்துக்கு வழியில்லை. பாட்காஸ்ட் அப்படிப்பட்டதன்று.

ஒலிக்கோப்பைச் செயலி தரவிறக்கும்போது, அக்கோப்பு இருக்கும் சர்வருக்கு நமது ஐபி முகவரி, செயலியின் பெயர், நேரம் ஆகியவை சென்று சேர்கின்றன. பல நிகழ்ச்சிகளில் கோப்பின் முகவரிக்கு முன்னால் பாட்ட்ராக் போன்ற அளவீட்டு நிறுவனத்தின் முகவரி ஒட்டப்பட்டிருக்கும். நமது கோரிக்கை அங்கே பதிவான பின்னரே ஒலி நம்மை வந்தடைகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள், எதை எவ்வளவு நேரம் கேட்டோம் என்பதையும் நமது கணக்கில் பதிந்துகொள்கின்றன.

'மறைப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று சிலர் வினவலாம். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில், துல்லியமான இருப்பிடத் தகவல் பெரும்பாலும் சாதித் தகவலே. கேட்டவற்றின் பட்டியலும் அதனோடு சேர்ந்தால் நமது அரசியலும் வெளிப்பட்டுவிடும். பீமா கோரேகான் வழக்கில் கைதான தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினியில் தீம்பொருள் வழியே கோப்புகள் புகுத்தப்பட்டதாக, அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021இல் அறிக்கை அளித்தது. விளம்பரக் கண்காணிப்பும் உளவு மென்பொருளும் ஒன்றல்ல. ஆயினும் நமது கருவிகளே நமக்கு எதிராகத் திருப்பப்படலாம் என்ற எச்சரிக்கை அதில் உண்டு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. எனவே சட்டத்தை மட்டுமே நம்பியிருக்க இயலாது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஆன்டெனாபாட் என்னும் கட்டற்ற செயலியைப் பயன்படுத்தலாம். அதற்குக் கணக்கோ கட்டணமோ தேவையில்லை. இருப்பிட அனுமதி கேட்கும் ஒலிச் செயலிகளுக்கு அதை மறுக்கலாம். கைபேசி அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். இவை செய்தாலும் ஐபி முகவரி சர்வருக்குத் தெரியும். விபிஎன் அதை மறைக்கும். ஆனால் நம்பிக்கையை விபிஎன் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம். வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என 2022இல் இந்நிறுவனங்களுக்கு அரசு ஆணையிட்டதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கேட்போரிடம் மட்டும் இப்பொறுப்பைச் சுமத்துவது முறையன்று. விடுதலை அரசியலைப் பேசும் பாட்காஸ்ட்டுகளை நடத்தும் தோழர்கள், அளவீட்டு நிறுவனங்களின் முகவரியை ஒட்டாமலே வெளியிட முடியும். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையைவிட, கேட்டவர்களின் பாதுகாப்பே நமக்கு முதன்மையானது.