ஏட்டின் ஓரத்தில் ஒரு வரி



முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், காலைத் திருப்பலி முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பெரியவர் காத்திருந்தார். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். இலங்கை மலைநாட்டில் பிறந்து, 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெற்றோருடன் தாயகம் திரும்பியவர். தாத்தாவின் பெயரையும், இந்த ஊர்தான் அவர் பிறந்த ஊர் என்பதையும் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

"சின்ன வயசுலயே பெத்தவங்கள விட்டுட்டு ஓடிப்போனவராம் சாமி. அவரு பண்ணின வேலையாலதான் நமக்கு ஊரும் இல்ல, உறவும் இல்லன்னு எங்க அப்பா சாகுற வரைக்கும் சொல்லுவாரு" என்றார்.

இப்படி முன்னோரைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் முதலில் கேட்பது, "அரசாங்கத்தில் மக்கள்தொகைக் கணக்கு இருக்குமே, அதில் பார்க்க முடியாதா?" என்பதுதான். இங்கிலாந்தில் பார்க்கலாம். நூறு ஆண்டு கடந்ததும் வீடுவாரியான படிவங்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் வெளிவந்தது. நம் நாட்டில் அந்த வழி இல்லை. 1872-இல் தொடங்கி, 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள். எண்ணி முடித்த பின் மொத்தத் தொகைகள் அச்சேறின. வீட்டுக்கு வீடு எழுதிய பெயர்கள் நம் கைக்கு வருவதில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றைப் பொதுமக்கள் பார்வையிட இடம் தரவில்லை. ஆக, உங்கள் பூட்டனார் அந்தக் கணக்கில் நிச்சயம் இருக்கிறார். ஆனால் கோடிகளில் ஒன்றாக மட்டுமே இருக்கிறார்.

அவர் பெயரோடு இருக்கும் இடம் பங்கு ஏடு. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவும் திருமுழுக்குப் பதிவும் எழுத வேண்டுமென்று ஆணையிட்டது. 1614-இல் வந்த உரோமைச் சடங்குநூல், இறந்தோர் பதிவையும், வீடுவாரியாக ஆன்மாக்களின் கணக்கையும் சேர்த்தது. வம்சாவளி தேட உதவுவது இதன் நோக்கமன்று. மறைவாகத் திருமணம் செய்துவிட்டு மறுப்பதைத் தடுக்கவும், ஞானத்தகப்பன், ஞானத்தாய் உறவு திருமணத்துக்குத் தடையாக இருந்ததால் அதை அறியவும் எழுதினார்கள். அந்தக் கவலையால்தான் ஒரு கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் தாய், தகப்பன், ஞானப்பெற்றோர் என நான்கு பெயர்கள் ஏட்டில் கிடைக்கின்றன.

தேட வருகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று தனிப் பங்காக உள்ள ஊர், அன்று வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். ஆகவே தாய்ப்பங்கைக் கேட்டறியுங்கள். பழைய ஏடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் 'பெத்ருஸ்', சின்னப்பன் 'பவுலுஸ்', முடியப்பன் 'ஸ்தெபானுஸ்', ஆசீர்வாதம் 'பெனெதிக்துஸ்'. நம் மறைச்சாட்சி புனித தேவசகாயம், 1745-இல் வடக்கன்குளத்தில் பெற்ற பெயரும் 'லாசருஸ்'தானே! மாதத்திலும் ஏமாறக்கூடாது. 7 என்ற எண்ணோடு 'பிரிஸ்' என்றிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர்; 8 என்றால் அக்டோபர். உரோமையர் மார்ச்சிலிருந்து எண்ணிய பழக்கம் அது. நமக்கோ குடும்பப் பெயரும் கிடையாது, பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் வேறு. ஒரே பெயரில் நான்கைந்து பேர் வந்து நிற்பார்கள். அங்கே கைகொடுப்பவை தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும்தான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஏடுகளில் சாதியையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பெருமை கொண்டாட வருகிறவர்களுக்கு நான் பீரோவைத் திறப்பதில்லை. ஏட்டை மொத்தமாகப் புரட்டவும் யாரிடமும் கொடுப்பதில்லை. 'தகப்பன் பெயர் தெரியாது' என்று எழுதிய வரி அடுத்த வீட்டாருடையதாக இருக்கலாம். உங்களுக்குரிய வரியை நானே பார்த்துச் சொல்வேன். மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணையில் தாமாரும் இராகாபும் மறைக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அதை ஊர் வம்புக்காக அவர் எழுதவில்லை.

பெரியவரின் கதைக்கு வருகிறேன். 1900-த்தை ஒட்டிய திருமுழுக்கு ஏட்டில், அவர் சொன்ன பெயரில் மூன்று சிறுவர்கள் இருந்தார்கள். யார் இவருடைய தாத்தா? 1908-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முதல் திருச்சபையில் ஓர் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும், அந்தப் பங்குத்தந்தை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இங்கே அதை ஏட்டின் ஓரத்தில் குறிக்க வேண்டும். மூவரில் ஒருவருடைய வரிக்கு அருகே, பொடி எழுத்தில், இலங்கை மலைநாட்டுக் கோவில் ஒன்றின் பெயரும் 1927 என்ற ஆண்டும் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தன. வாசித்துக் காட்டினேன். "எங்க பாட்டி சாமி" என்றார். கடல் கடந்து வந்த ஒரு கடிதத்தை, பெயர் தெரியாத ஒரு குருவானவர் சோம்பல்படாமல் ஏற்றிவைத்த வரி அது. இந்த வேலையை நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்ட நாட்கள் என் நினைவுக்கு வந்தன.

இப்போது தாத்தாவின் பெற்றோர் பெயர் கிடைத்துவிட்டது. இறந்தோர் ஏட்டை எடுத்தேன். 1918, அக்டோபர். மற்ற மாதங்களுக்கு அரைப் பக்கம் போதுமாக இருந்த அந்த ஏட்டில், அந்த மாதத்துக்கு மட்டும் நான்கு பக்கங்கள். விஷக்காய்ச்சல் பரவிய மாதம் அது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அந்தக் காய்ச்சல் கொண்டுபோனது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் சுமார் 25 கோடியே 21 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1921-இல் 25 கோடியே 13 இலட்சமாகக் குறைந்தது. எண்ணத் தொடங்கிய பின் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். மக்கள்தொகைக் கணக்கு நமக்குச் சொல்வது அவ்வளவே. எங்கள் ஏடு சொன்னது வேறு: அந்தத் தகப்பன், நான்கு நாள் கழித்துத் தாய், அதே வாரத்தில் ஆறு வயது மகள். அடக்கம் செய்யப்பட்டார்கள் என்ற ஒரே சொல் மூன்று வரிகளிலும் இருந்தது. அப்போது அந்தப் பையனுக்கு வயது பதினான்கு.

பெரியவர் தேதிகளை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அப்ப அவரு ஓடிப்போகல சாமி. அவருக்கு இங்க யாரும் மிச்சமில்ல" என்றார். கங்காணியோடு போனாரா, உறவினரோடு போனாரா என்பதெல்லாம் ஏட்டில் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அந்தக் காலத்து ஏழைகளின் குழிகளுக்கு அடையாளம் ஏதுமில்லை. வேலியோரம் நின்று இருவரும் செபித்தோம். திரும்பி வந்து, மறுநாள் பூசைக் கருத்துக்கென்று ஒரு துண்டுத்தாளில் ஐந்து பெயர்களை எழுதிக் கொடுத்தார். மூன்று பெயர்கள் ஏட்டில் கண்டவை. நான்காவது தாத்தாவின் பெயர். ஐந்தாவது, அவருடைய அப்பாவின் பெயர்.