கூடியது ஆட்டமா, நேரமா?

1986 கோடையில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி டேல் எல்லிஸ் என்ற இளைஞரை சியாட்டில் சூப்பர்சோனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆல் வுட் என்பவரை வாங்கிக்கொண்டது. எல்லிஸ் மூன்று சீசன்களாக டல்லாஸில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர். கடைசி சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 7.1 புள்ளிதான் எடுத்திருந்தார். சியாட்டில் போன முதல் சீசனிலேயே அந்தச் சராசரி 24.9 ஆகிவிட்டது. பிளே ஆஃப் முதல் சுற்றில் எதிரே வந்து நின்றதும் அதே டல்லாஸ்தான். மேற்குப் பிரிவில் இரண்டாம் இடத்தில் இருந்த அந்த அணியை, ஏழாம் இடத்துச் சியாட்டில் 3-1 என்று மூட்டை கட்ட வைத்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, அந்த ஆண்டின் 'மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர்' விருதை எல்லிஸுக்கு வழங்கியது.

கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. டல்லாஸில் எல்லிஸ் களத்தில் நின்றது ஆட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம். சியாட்டிலில் 37 நிமிடம். புள்ளி மூன்றரை மடங்கானபோது நேரமும் இரண்டரை மடங்காகியிருக்கிறது. அப்படியானால் வளர்ந்தது ஆட்டக்காரரா, அவருக்குக் கிடைத்த வாய்ப்பா? நாற்பது ஆண்டுகளாகக் கூடைப்பந்துப் புள்ளிவிவரம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

ஆட்டப் பட்டியலின் காலம்

இந்த விருது தொடங்கியது 1985-86 சீசனில். அதற்கு முன் 1980-81 முதல் 'மீண்டு வந்த ஆட்டக்காரர்' என்றொரு விருது இருந்தது. அது விழுந்து எழுந்தவர்களுக்கானது. அந்த விருது நின்றுபோக, ஏறிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கான புதிய விருது அந்த இடத்துக்கு வந்தது.

தேர்ந்தெடுத்தவர்கள் பத்திரிகையாளர்களும் ஒளிபரப்பாளர்களும். அவர்கள் கையில் இருந்ததெல்லாம் காலைப் பத்திரிகையில் வரும் ஆட்டப் பட்டியலும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் கையேடும்தான். நிமிடம், ஷாட், ரீபவுண்ட், அசிஸ்ட் எல்லாம் அதில் இருக்கும். இருந்தாலும் கண் முதலில் போவது வலது ஓரத்துப் புள்ளிக்குத்தான். போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் முன்னேற்றம். கிரிக்கெட்டில் ஏழாவதாக இறங்கிக்கொண்டிருந்தவரைத் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பினால் ரன் கூடும். அதற்காக அவர் பேட்டிங் மெருகேறிவிட்டது என்று உடனே சொல்லிவிட மாட்டோம். கூடைப்பந்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய கணக்கில் இன்னொரு எல்லையும் இருந்தது. எதை எண்ணினார்களோ அதில் மட்டுமே ஒருவர் முன்னேற முடியும். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும், ஷாட்டைத் தடுக்கும் பிளாக்கையும் என்பிஏ எண்ணத் தொடங்கியதே 1973-74இல்தான். முதல் விருதைப் பெற்ற சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் ஆல்வின் ராபர்ட்சன் அந்த சீசனில் 301 முறை பந்தைப் பறித்தார். ஒரு சீசனில் அதிக ஸ்டீல் என்ற அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. அவருடைய புள்ளிச் சராசரி 9.2இலிருந்து 17.0 ஆனது உண்மை. ஆனால் அவரைத் தனித்துக் காட்டியது அந்தக் கைவேகம். பதினைந்து ஆண்டு முன்னால் பிறந்து ஆடியிருந்தால் அந்தக் கை வேகத்துக்குப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இருந்திருக்காது.

இதற்கு ஓர் இணை 2024-25இல் வந்தது. அட்லாண்டா ஹாக்ஸுக்கு ஆடிய ஆஸ்திரேலியர் டைசன் டேனியல்ஸ் 229 ஸ்டீல் எடுத்து இதே விருதை வென்றார். ஆட்டத்துக்கு 3 ஸ்டீல் என்ற சராசரியை 1990-91க்குப் பிறகு எட்டியவர் அவர் ஒருவரே. அந்த 1990-91இல் எட்டியிருந்தவரும் ராபர்ட்சன்தான். ஆனால் டேனியல்ஸுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஸ்டீலை மட்டும் பார்க்கவில்லை. பந்தைப் பறிக்காவிட்டாலும் எதிரணியின் பாஸில் விரல் பட்டுத் திசை மாறினால் அதையும் இன்று தனியாக எண்ணுகிறார்கள். அந்தப் பட்டியலிலும் டேனியல்ஸ் 400ஐத் தாண்டி முதலிடத்தில் இருந்தார். பறித்தது தற்செயலா பழக்கமா என்று தெரிந்துகொள்ள இப்படி ஒரு துணைக்கணக்கு ராபர்ட்சன் காலத்தில் கிடையாது.

நிமிடத்தால் வகுத்தபோது

முதல் மாற்றம் மிக எளிய வகுத்தலில் வந்தது. எல்லோருக்கும் 36 நிமிடம் கொடுத்திருந்தால் எவ்வளவு எடுத்திருப்பார்கள் என்று பார்ப்பது. முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் நிற்கும் நேரம் ஏறக்குறைய அவ்வளவு.

இதை எல்லிஸுக்குப் போட்டுப் பார்த்தால் 17 புள்ளி 24 ஆகிறது. நேரத்தைக் கழித்த பிறகும் ஏற்றம் மிஞ்சுகிறது. பழைய முறையில் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த முறை சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கணக்கு வளர்ந்த காலத்தில் கொடுத்த விருதுகளில் சில இந்தச் சோதனையில் தடுமாறுகின்றன. 2011-12இல் ஆர்லாண்டோ மேஜிக்கின் ரயன் ஆண்டர்சன் வென்றார். சராசரி 10.6இலிருந்து 16.1க்கு ஏறியிருந்தது. ஆனால் நிமிடமும் 22.2இலிருந்து 32.2 ஆகியிருந்தது. 36 நிமிடக் கணக்கில் அவர் 17.2இலிருந்து 18.0க்கு நகர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் முந்தைய ஆண்டே அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் இந்த ஆண்டு அதிக நேரம் விட்டார்.

இதில் ஆண்டர்சன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பெஞ்சிலிருந்து வருபவர் பெரும்பாலும் எதிரணியின் பெஞ்சோடுதான் மோதுகிறார். தொடக்க ஐவரில் ஒருவரானதும் எதிரே நிற்பவர்கள் தேர்ந்தவர்கள், களைப்பும் அதிகம். அங்கேயும் அதே வேகம் குறையாமல் இருந்தால் அதுவும் ஒரு வளர்ச்சிதான்.

அடுத்த படி திறனளவு. டீன் ஆலிவர் எழுதிய 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்' 2004இல் வெளிவந்தது. நிமிடத்தை விட்டுவிட்டு, பந்து கையில் இருக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னது அந்தப் புத்தகம். ஜான் ஹாலிஞ்சர் எல்லா எண்களையும் ஒரே எண்ணாகச் சுருக்கி, லீக்கின் சராசரி எப்போதும் 15 என்று நிலைநிறுத்தினார். அணியின் வாய்ப்புகளில் எத்தனை சதவீதத்தை ஒருவர் முடித்துவைக்கிறார், அந்தச் சுமை ஏறும்போது அவருடைய துல்லியம் இறங்குகிறதா என்ற கேள்வி அதன்பின் வழக்கமாகிவிட்டது. பொதுவாக இறங்கும். அதிகம் எறிகிறவர் கடினமான ஷாட்டுகளையும் எறிந்தாக வேண்டும்.

சுமையும் துல்லியமும் சேர்ந்து ஏறினால் அங்கே சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. பின்லாந்தின் லௌரி மார்க்கனென் 2022இல் கிளீவ்லாந்திலிருந்து யூட்டா ஜாஸுக்கு மாறினார். நிமிடம் 30.8இலிருந்து 34.4க்கு மட்டுமே கூடியது. புள்ளியோ 14.8இலிருந்து 25.6க்குப் போனது. விழுந்த ஷாட்டுகள் 44.5 சதவீதத்திலிருந்து 49.9 ஆயின. எந்தப் பக்கமிருந்து வகுத்தாலும் மிச்சம் நிற்கும் முன்னேற்றம் அது.

லீக்கே ஏறிய ஆண்டுகள்

1994-95இல் என்பிஏ மூன்று புள்ளிக் கோட்டை 22 அடிக்கு இழுத்து நெருக்கிவிட்டது. அதற்கு முன் கோட்டின் பெரும்பகுதி 23 அடி 9 அங்குலத் தூரத்தில் இருந்தது. ஒரே ஆண்டில் அணிகளின் மூன்று புள்ளி முயற்சி ஆட்டத்துக்கு 9.9இலிருந்து 15.3க்குத் தாவியது. அந்த ஆண்டு விருதை வென்றவர் பிலடெல்பியாவின் டேனா பாரோஸ், தூரத்திலிருந்து எறிவதில் வல்லவர். 13.3 புள்ளி 20.6 ஆனது. அவர் உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடும் ஓரளவு அவரை நோக்கி நடந்து வந்தது.

விதி மாறாத காலத்திலும் ஆட்டம் மாறும். 2003-04இல் ஓர் அணி சராசரியாக எடுத்தது 93.4 புள்ளி, 2022-23இல் 114.7. அன்றைய 20 புள்ளியும் இன்றைய 24.5 புள்ளியும் ஏறக்குறைய ஒரே எடை. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இடையிலும் இது நடக்கும். 2017-18இலிருந்து 2018-19க்குள் லீக் சராசரி 106.3இலிருந்து 111.2க்குப் போனது. லீக் முழுவதுமே 5 சதவீதத்துக்கு நெருக்கமாக 'முன்னேறியிருக்கிறது'. அதைக் கழிக்காமல் ஒருவருடைய ஏற்றத்தைப் பேசுவதில் பொருளில்லை. இன்று கழிக்கிறார்கள்.

கூரையில் ஏறிய கண்

2013-14 முதல் எல்லா என்பிஏ அரங்குகளின் கூரையிலும் ஆறு கேமராக்கள் ஏறின. பந்தும் பத்து ஆட்டக்காரர்களும் எங்கே இருக்கிறார்கள் என்பது நொடிக்கு 25 முறை பதிவானது. ஷாட் எறியும்போது தடுப்பவர் எத்தனை அடி தள்ளி இருந்தார், எறிந்தவர் ஓடிவந்து எறிந்தாரா, நின்று எறிந்தாரா என்பதெல்லாம் எண்ணாக மாறின. இப்போதைய கேமராக்கள் முழங்கை, முழங்கால் அசைவைக்கூடப் பின்தொடர்கின்றன. யாருமில்லாமல் கிடைத்த எளிய ஷாட்டால் கூடிய புள்ளியையும், கை முகத்துக்கு நேரே நிற்கும்போது விழுந்த புள்ளியையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது.

பழைய பட்டியல் எவ்வளவு மறைத்தது என்பதற்கு புரூக் லோபஸ் நல்ல சாட்சி. ஏழடி உயரம், கூடைக்கு அடியில் நின்று ஆடியவர். முதல் எட்டு சீசன்களில் மொத்தம் 31 மூன்று புள்ளி ஷாட் எறிந்து 3ஐ மட்டும் போட்டிருந்தார். 2016-17இல் ஒரே சீசனில் 134 போட்டார். அவருடைய புள்ளிச் சராசரி? முந்தைய ஆண்டு 20.6, அந்த ஆண்டு 20.5. ரீபவுண்ட் குறைந்தும் இருந்தது. பழைய கண்ணுக்கு அவர் ஓர் அங்குலம் கீழே இறங்கியவர். நடந்ததோ ஒரு மனிதர் 28 வயதில் தன் தொழிலையே மாற்றிக்கொண்டது.

அதிர்ஷ்டத்தைக் கழித்தல்

நேரத்தையும் காலத்தையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சும். 36 சதவீதம் போடக்கூடிய ஒருவர் ஒரு சீசனில் 400 மூன்று புள்ளி ஷாட் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். 144 விழ வேண்டும். ஆனால் திறமை துளியும் மாறாமலே, வெறும் தற்செயலால், மூன்றில் இரண்டு சீசன்களில் அது 134க்கும் 154க்கும் இடையில் ஆடும். மூன்றில் ஒரு சீசனில் அதற்கும் வெளியே போகும். ஒரு வருடத் துள்ளலில் எவ்வளவு கை, எவ்வளவு காற்று என்று அந்த வருடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நியூயார்க் நிக்ஸின் ஜூலியஸ் ராண்டில் 2020-21இல் விருது வாங்கியபோது மூன்று புள்ளி ஷாட் துல்லியம் 27.7 சதவீதத்திலிருந்து 41.1க்குப் பறந்திருந்தது. மறு ஆண்டு 30.8க்கு வந்து உட்கார்ந்தது. புள்ளியும் 24.1இலிருந்து 20.1 ஆனது. அதற்கு அடுத்த ஆண்டு மீண்டும் 25ஐத் தொட்டார் என்பதால் அவர் தரமான ஆட்டக்காரர் என்பதில் சந்தேகமில்லை. அந்த 41 மட்டும் அவருடைய சொந்த எண் இல்லை. ஹூஸ்டனின் ஏரன் புரூக்ஸ் கதை இன்னும் கடுமை. யாவ் மிங் காயத்தால் சீசன் முழுக்க ஆடாத 2009-10இல் 11.2 புள்ளியிலிருந்து 19.6க்கு ஏறி விருது பெற்றார். அடுத்த ஆண்டு 10.7.

ஆயிரம் பேரில் அதிகம் தாவியவரைத் தேர்ந்தெடுத்தால், திறமையும் அதிர்ஷ்டமும் ஒன்றாகக் கூடிவந்தவர்தான் அகப்படுவார். அடுத்த ஆண்டு திறமை கூடவே இருக்கும். அதிர்ஷ்டம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இதைத்தான் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறது புள்ளியியல்.

மாறாதது

இவ்வளவு கருவி வந்தபின்னும் முடிவு ஓட்டுப் பெட்டியில்தான். முதலிடத்துக்கு 5, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 1 என்று ஊடகத்தார் மதிப்பெண் போடுகிறார்கள். 2023-24 முதல் 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 'முன்னேற்றம்' எதுவென்று மட்டும் யாரும் வரையறுத்துக் கொடுக்கவில்லை. 2022இல் வென்ற ஜா மொரான்ட், புதியவர்களுக்கான தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டு லீக்குக்கு வந்தவர். எதிர்பார்த்தபடி வளர்ந்ததற்கு விருதா என்று கேட்டார்கள். அவரே கோப்பையைத் தன் சக ஆட்டக்காரர் டெஸ்மண்ட் பேனிடம் கொடுத்துவிட்டார்.

யானிஸ் அண்டெட்டகும்போ என்ற ஆட்டக்காரரின் புள்ளிச் சராசரிகளை முதல் சீசனிலிருந்து வரிசையாக வைத்துப் பார்க்கலாம்: 6.8, 12.7, 16.9, 22.9, 26.9, 27.7, 29.5. ஏழு சீசன், ஒருமுறைகூட இறக்கமில்லை. விருது கிடைத்தது 22.9க்கு. தாவல்களில் அதுவே பெரியது என்றாலும் மயிரிழையில்தான். ஏறக்குறைய 6 புள்ளி உயர்வு முன்பும் நடந்திருந்தது. ஆனால் 'மிகவும் முன்னேறியவர்', 'மிகவும் மதிப்புமிக்கவர்' இரண்டையும் வென்ற ஒரே ஆள் அவர். உண்மையான வளர்ச்சி பல ஆண்டுகளில் எழுதப்படுகிறது. விருதோ ஒவ்வொரு சீசன் முடிவிலும் கொடுத்தாக வேண்டியது.

ஆகவே அடுத்த முறை பெயர் அறிவிக்கப்படும்போது புள்ளிக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. நிமிடம் எவ்வளவு கூடியது, சுமை ஏறியபோது துல்லியம் என்ன ஆனது, லீக் எவ்வளவு ஏறியது என்று மூன்றையும் பார்க்கலாம். எல்லாம் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு இரண்டு ஆண்டு பொறுத்து அதே ஆட்டக்காரரின் கணக்கை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஏறிய இடத்திலேயே நின்றிருந்தால், ஓட்டுப் போட்டவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.