கனவு கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?

வெளியூர்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். 1962 ஆகஸ்ட் 16-லதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது. அதனால நமக்கு மட்டும் 15, 16 ரெண்டு நாளும் லீவு. இந்த வருஷம் ஞாயிறும் ஒட்டிக்கிச்சு. மூணு நாள்ல நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை, தூங்கினது.

முதல் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பழைய சுட்டி டிவி வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஜாக்கி சான், டோரா எல்லாம். காலையில கனவு. வைவா நடக்குது. எக்ஸ்டர்னல் நாற்காலியில டோராவோட குள்ளநரி. என் ரெக்கார்ட் நோட்டைத் தூக்கிக்கிட்டு பீச் ரோடு காந்தி சிலை பக்கம் ஓடுது. விசித்திரம் என்னன்னா, கனவுல எனக்கு அது விசித்திரமாவே படலை. மார்க் போயிடுமேன்னுதான் பயம்.

உங்களுக்கும் லீவுலதான் இப்படி வருதா? காரணம் இருக்கு. 1953-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசரின்ஸ்கி, கிளைட்மன் ரெண்டு பேரும் தூக்கத்துல கண்ணு மூடியபடியே வேகமா அசையுற நேரங்கள் இருக்குன்னு எழுதினாங்க. அதுக்குப் பேர் ரெம் தூக்கம். தெளிவான, கதை மாதிரி நீளுற கனவுகள் பெரும்பாலும் அப்பதான் வருது. சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். முதல் தடவை சில நிமிஷம்தான், விடிய விடிய நீளும். காலேஜ் நாள்ல ஆறு மணி அலாரம் இந்த நீளமான பகுதியைத்தான் வெட்டுது. லீவுல முழுசா ஓடுது, அதோட நடுவுலயே முழிக்கிறோம், அதனால ஞாபகமும் இருக்கு. "விடியக்கால கனவு பலிக்கும்"னு பாட்டி சொல்றதைக் கேட்டிருப்பீங்க. பலிக்குதோ இல்லையோ, நினைவுல நிக்கிறது அதுதான்.

குள்ளநரி எக்ஸ்டர்னலா வந்தும் ஏன் கேள்வி கேக்கலை? ரெம் நேரத்துல மூளையோட முன்பக்கத்துல, எதையும் சரி பார்க்கிற பகுதி அடங்கி இருக்கும். பயம், ஆசை சம்பந்தப்பட்ட அமிக்டலா நல்லா வேலை செய்யும். எடிட்டர் லீவு, டைரக்டர் மட்டும் செட்டுல இருக்கார்னு வச்சுக்கோங்க.

இதை அப்பாகிட்ட சொன்னப்ப, "எனக்கெல்லாம் கனவே பிளாக் அண்ட் ஒயிட்தான்"னார். பக்கத்து வீட்டு ஷட்டர் வச்ச டிவியில வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒளியும்' பார்த்து வளர்ந்தவர். 1982 ஆசிய விளையாட்டு சமயத்துல நாட்டுக்குக் கலர் வந்தாலும், பல வீடுகளுக்கு வர ரொம்ப நாளாச்சு. நான் சிரிச்சேன். தேடினா, 2008-ல ஸ்காட்லாந்து டண்டீ பல்கலைக்கழகத்துல இவா மர்சின் இதையே ஆராய்ஞ்சிருக்காங்க. கறுப்பு வெள்ளை டிவி, படம் பார்த்து வளர்ந்த 55 வயசுக்கு மேற்பட்டவங்க, 25 வயசுக்குக் கீழ உள்ளவங்களை விட அதிகமா நிறமில்லாத கனவுகளைச் சொல்லியிருக்காங்க.

ஆனா எரிக் ஷ்விட்ஸ்கெபெல்னு ஒரு தத்துவப் பேராசிரியர் வேற மாதிரி சந்தேகப்படறார். மாறினது கனவா, இல்ல முழிச்சப்புறம் கனவை நாம சொல்ற விதமா? எனக்கு இதுதான் சரின்னு படுது. என் குள்ளநரிக்கு என்ன நிறம்னு யோசிச்சா, டிவியில பார்த்த ஆரஞ்சுதான் வருது. கனவுல பார்த்தேனா, இப்ப பூசறேனா?

பாட்டிகிட்டயும் கேட்டேன்.

"உங்க தாத்தா வெள்ள வேட்டி, வெள்ள சட்டையிலதான்டா வராரு. இதுல கலர எங்க பாக்குறது?"

கொஞ்ச நேரம் கழிச்சு, "வாசல்லயே நிக்கிறாரு. பேச மாட்டேங்குறாரு. கிட்ட போறதுக்குள்ள யாராவது எழுப்பிடுறீங்க"ன்னாங்க.

மதியம் பாட்டி படுத்திருந்தா இப்பல்லாம் டிவி சத்தத்தைக் குறைச்சிடறேன். காபிக்கு நாலு மணி ஆனாலும் எழுப்பறதில்லை.