திரைக்குப் பின்னால் ஐந்தே கால் நிமிடம்

“நாளைக்கு நான் நடக்கல அண்ணா. என் பேரை எடுத்துடுங்க.”

ஆடை அலங்காரக் காட்சிக்கு முந்தைய மாலை, ஒத்திகை முடிந்ததும் முதலாமாண்டு மாணவி ஒருவர் என்னிடம் சொன்னது இது. பாதி கட்டிய சேலையோடு கண்கலங்கி நின்றார். தவறு அவருடையதன்று, என்னுடையது.

எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியின் தமிழ் மாணவர்கள் தீபாவளியை ஒட்டி நடத்திய காட்சி அது. மேடைக்குப் பின்னாலுள்ள பொறுப்பு எனக்கு. ஏழு மாணவிகள், ஐந்து மாணவர்கள், இரண்டு சுற்றுகள். முதல் சுற்றில் லெஹங்கா, குர்த்தா. இரண்டாம் சுற்றில் பட்டுச் சேலை, வேட்டி. சிலவற்றைத் தேக்கா நிலையத்தின் மேல்மாடிக் கடைகளில் வாங்கினோம், சிலவற்றை உறவினர்களிடம் இரவல் பெற்றோம். இசை, விளக்கு, சுவரொட்டி எல்லாம் தயார். கணக்கு மட்டும் போடவில்லை.

மறந்துபோன கணக்கு

ஒருவர் நடந்து திரும்ப 45 விநாடி ஆகும். 30 விநாடிக்கு ஒருவரை அனுப்பினால் 12 பேர் கொண்ட சுற்றுக்கு ஆறு நிமிடம். இரண்டாம் சுற்றிலும் அதே வரிசையில் சென்றால், ஒவ்வொருவருக்கும் உடை மாற்ற ஐந்தே கால் நிமிடம் கிடைக்கும்.

நானோ, பார்க்க அழகாக இருக்கும் என்று இரண்டாம் சுற்றின் வரிசையைத் தலைகீழாக மாற்றியிருந்தேன். கடைசியாக மேடையிலிருந்து இறங்கியவரே அடுத்து முதலில் ஏற வேண்டும். அவர்தான் அந்த முதலாமாண்டு மாணவி. ஒத்திகையில் மேடை நான்கு நிமிடம் காலியாகக் கிடந்தது. எல்லாரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

உதவிக்கு வந்திருந்த தோழியின் தாயார் என்னை ஓரமாக அழைத்தார். “சேலை கட்டுறதுக்கு நேரமாகாது தம்பி, மடிப்பு எடுக்கத்தான் நேரமாகும். அதை இன்னிக்கு ராத்திரியே எடுத்து வச்சுட்டா என்ன?”

அன்றிரவு அவருடைய வீட்டு வரவேற்பறையில் ஏழு சேலைகளுக்கும் கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, இஸ்திரி போட்டு, ஊக்கு குத்தி வைத்தோம். மாணவர்களுக்கு ஒட்டும் பட்டை வைத்த வேட்டி. வரிசையைப் பழையபடி மாற்றி, இரு சுற்றுகளுக்கும் இடையே மூன்று நிமிட நடனம் ஒன்றைச் சேர்த்தேன். ஐந்தே கால் நிமிடம் எட்டே கால் நிமிடமானது. பிறகு அந்த மாணவிக்குத் தொலைபேசியில் அழைத்து, “தப்பு என்னோடதும்மா” என்றேன். சற்று நேரம் கழித்து, “சரி, வரேன்” என்றார்.

பின்மேடைப் பாடங்கள்

பாரிஸ், மிலான் நகரங்களின் பெரிய ஆடைக் காட்சிகளே பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் இருப்பவை சின்னச் சின்ன ஏற்பாடுகள்தாம்.

ஒவ்வொருவரின் ஆடைகளையும் அணியும் வரிசைப்படி தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். வளையல், காலணி உட்பட முழு அலங்காரத்தையும் படமெடுத்து அங்கேயே ஒட்டிவையுங்கள். தலைவழியே அணியும் ஆடையென்றால் முகத்தை மெல்லிய துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒப்பனை துணியில் படாது. இரவல் காலணியின் அடியில் ஒட்டுநாடா ஒட்டினால் கீறல் விழாது. மேடைக்கு அனுப்பும் குரல் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிக நேரம் எடுக்கும் உடையை முதலில் கணக்கிட்டு, மற்றதை அதற்கேற்ப அமையுங்கள்.

மறுநாள் மேடை ஒரு விநாடியும் காலியாக இல்லை. கைதட்டல் எனக்குக் கறுப்புத் திரைக்கு அப்பால்தான் கேட்டது. எல்லாரும் படமெடுக்க ஓடியபோது அந்த மாணவி மட்டும் பின்னால் வந்து என் உள்ளங்கையில் ஊக்குகளைக் கொட்டினார்.

“எட்டு குடுத்தீங்க அண்ணா. எட்டும் இருக்கு, எண்ணிப் பாருங்க.”

இந்த முறை எண்ணிப் பார்த்தேன்.